கொடிநாளும் வீரரின் இல்லமும்

 

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடிநாளாக அனுசரிக்கப்படுகிறது. சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொள்கிறோம். உண்டியலில் காசிட்டுக் கடந்து விடுகிறோம்.

ஹவில்தார் அப்துல் ஹமீது 1965 செப்டம்பர் 10 அன்று கேம்கரண் போர்க்களத்தில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாட்டன் டாங்கிகளைத் தகர்த்து உயிர் நீத்தார். 1966 குடியரசு நாளில் அவருக்குரிய பரம்வீர் சக்கர விருதை மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். இதுவரை யாவரும் அறிவோம். அவ்வம்மையார் 2019 வரை வாழ்ந்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஏறக்குறைய 54 ஆண்டுகள் கைம்மை! விருது பெற்ற அந்த ஒரு பகல் நீங்கலாக மற்ற நாட்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொலைவிலுள்ள கதையன்று இது. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் வீரமரணம் எய்திய ஹவில்தார் பழனி, நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கடுக்கலூரைச் சேர்ந்தவர். அவருக்கான வீர் சக்ராவையும் 2021இல் மனைவியே பெற்றார்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மகன் எல்லையில் நிற்க, கண்மாய் பெருகாத ஆண்டிலும் வீட்டையும் வெள்ளாமையையும் பெண்களே தாங்குகின்றனர்.

விதவைக்காகப் பாடுபடுபவர் இறைவழியில் போராடுபவருக்கு ஒப்பானவர் என்பது நபிமொழியின் கருத்து. எந்தச் சமயத்து விதவை என்று அதில் பிரிக்கப்படவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

படைவீரர் குடும்பங்களுக்கு ஓய்வூதிய மனு எழுதித் தரவும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு உடன் சென்று வரவும் நான்கு இளைஞர்கள் தேவை. ஜும்ஆவிற்குப் பின் செயலாளரிடம் பெயர் தரவும்.