கண்ணில் போடும் லென்ஸ்

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது. பள்ளி நாளிலிருந்து கண்ணாடி போட்டாள். கல்யாணப் பேச்சு வந்தது. "கண்ணாடி போட்ட பெண் வேண்டாம்" என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டார் கான்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாணமும் முடிந்தது.

புகுந்த வீட்டில் உண்மையைச் சொல்ல அவளுக்குப் பயம். இரவிலும் லென்ஸோடு தூங்கினாள். எப்போதாவது கழற்றினால் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். ஒரு நாள் காலை கண் சிவந்தது. வலித்தது. பார்வை மங்கியது.

ஏன் இப்படி ஆயிற்று?

கான்டாக்ட் லென்ஸ் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வில்லை. கண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் வேறு. அது கண்ணுக்குள்ளே இருக்கும். அதைக் கழற்ற வேண்டியதில்லை. இதைத் தினமும் கழற்ற வேண்டும்.

கருவிழியின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. அதில் இரத்தக் குழாய் கிடையாது. காற்றிலிருந்தே அது பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. லென்ஸோடு தூங்கினால் அதற்குக் காற்று குறையும். படலம் வீங்கும். புகை மூட்டம்போல் பார்வை மங்கும். கிருமி எளிதில் நுழையும். தெளிந்த தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. அமீபா என்ற நுண்ணுயிரும் உண்டு. அவை படலத்தில் புண் உண்டாக்கும். புண் ஆறினாலும் தழும்பு நின்றுவிடலாம். பார்வையே போகவும் கூடும்.

எல்லா மங்கலும் ஆபத்து இல்லை. லென்ஸில் அழுக்கு படிந்திருக்கலாம். வலது இடது மாறியிருக்கலாம். கண் உலர்ந்திருக்கலாம். பவர் மாறியிருக்கலாம். ஆனால் வலி, சிவப்பு, நீர் வடிதல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அன்றே கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் கொண்டுபோங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விடாதீர்கள். கடையில் நீங்களாகவே சொட்டு மருந்து வாங்காதீர்கள்.

லென்ஸ் போடுகிறவர்கள் இவற்றை மறக்கக் கூடாது:

சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள்.

லென்ஸுக்கு உரிய திரவத்தில் மட்டும் கழுவுங்கள். தண்ணீரும் எச்சிலும் கூடாது.

பழைய திரவத்தைக் கொட்டிவிட்டு, தினமும் புதிதாக ஊற்றுங்கள்.

டப்பாவை மூன்று மாதத்திற்கு ஒரு முறை மாற்றுங்கள்.

குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

ஒருவர் லென்ஸை இன்னொருவர் போடக் கூடாது.

நாள் கடந்த லென்ஸ் வேண்டாம்.

கண்ணாடியும் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அந்தப் பெண் என்ன செய்தாள்? வலி தாங்காமல் மாமியாரிடம் அழுதாள். மாமியார் கோபிக்கவில்லை. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டார்கள். பல நாள் சிகிச்சைக்குப் பின் புண் ஆறியது. சீக்கிரம் போனதால் பார்வை தப்பியது.

வீடு திரும்பியதும் மாமியார் சொன்னார்: "கண்ணாடியே போட்டுக்கோம்மா. உன் கண்ணைவிட ஊர்ப் பேச்சா பெரிசு?"

கண்ணாடி போடுவது குறை இல்லை. அதை மறைக்க வைப்பதுதான் குறை. பெண் பார்க்கப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.