கோபம் பள்ளம் பார்த்து ஓடும்

 

வேலையில் வரும் கோபத்தை எப்படி நல்ல வழியில் பயன்படுத்துவது என்று பேசச் சொன்னார்கள். நான் கோபக்காரி. அதனால் அறிவுரையாகப் பேச முடியாது. ஒரு இரவைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இங்கிலாந்தில் நான் வேலை பார்த்த ஒரு வார்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். வயது 82. பக்கவாதம் வந்தபின் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம். தானாகத் திரும்பிப் படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாம்தான் திருப்பிவிட வேண்டும். ஒருநாள் காலை அவரைக் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், வால் எலும்புக்கு மேலே விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு. நடுவில் தோல் உரிந்திருந்தது. படுக்கைப் புண்.

எனக்குத் தலைக்கேறியது. இரவில் இருந்த உதவியாளர் கானாவிலிருந்து வந்த சின்னப்பெண். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நடைபாதையில் நிறுத்தி, எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். உள்ளே வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளையை ஏசாதையுங்கோ. ராத்திரி முழுக்க அவ ஒருத்திதான் ஓடித்திரிஞ்சவ."

புண் பட்டவர் அவர். ஏசியவள் நான். ஏச்சு வாங்கியவளுக்காகப் பேசியதும் அவர்தான்.

எனக்கு அப்போது நான் படித்த நர்சிங் பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே டாக்டர் மேட்ரனைத் திட்டுவார். மேட்ரன் வார்டு சிஸ்டரை, சிஸ்டர் மாணவியான என்னை, நான் ஆயாவை. ஆயா யாரைத் திட்டுவார்? நோயாளிக்குத் துணைக்கு வந்த கிராமத்துக் கிழவியை. கோபம் தண்ணீரைப் போல. யாரும் தள்ள வேண்டாம், தானே பள்ளம் பார்த்து ஓடும். அன்று நடைபாதையில் அந்தப் பழைய தண்ணீர்தான் என் வழியாக ஓடியது.

திருக்குறளின் 31ஆவது அதிகாரம் வெகுளாமை. அதன் முதல் குறளிலேயே வள்ளுவர் இதைப் பார்த்துவிட்டார். நம் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குவதுதான் அடக்கம் என்கிறார். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்று கேட்கிறார். மேலதிகாரியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பொறுமை என்று நாம் எண்ணக் கூடாது. அது பயம். நமக்குக் கீழே இருப்பவரிடம் என்ன செய்தோம் என்பதே கேள்வி. ஆனால் கோபத்தையே விட்டுவிடச் சொல்கிறது அந்த அதிகாரம். அங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன். அந்தப் புண்ணைப் பார்த்தும் கோபம் வராத செவிலியரிடம் என் தாயை நான் ஒப்படைப்பேனா?

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வருபவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அவரைக் கையில் விளக்கோடு சாந்த சொரூபியாகவே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் எழுதியதைப் படித்தால் எரிமலை. 1852 வாக்கில் 'கசாண்ட்ரா' என்ற கட்டுரையை எழுதினார். வசதியான வீட்டுப் பெண்களை வரவேற்பறையில் உட்காரவைத்து அவர்களுடைய அறிவைப் பட்டினி போடுவதைப் பற்றிய கட்டுரை. கோபம் அதில் கூண்டுப் புலி போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே போக வழியில்லை.

1854 நவம்பரில் 38 பெண்களோடு இஸ்தான்புல் அருகே ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அடுத்த பிப்ரவரியில் அங்கே இறப்பு நூற்றுக்கு 40ஐத் தாண்டியது. மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சில மாதங்களில் இறப்பு பெருமளவு குறைந்தது. போர்க்காலத்தில் அவருடைய கோபம் பெரும்பாலும் உணவும் துணியும் வராததன் மேலும், அதிகாரிகளின் மெத்தனத்தின் மேலும்தான் இருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் நாடு திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு எண்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் கட்டடத்துக்கு அடியில் கிடந்த அழுக்கு எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்று முழுமையாகப் புரிந்தது. தான் பொறுப்பேற்றிருந்த அதே கட்டடம்.

1858இல் அவர் வெளியிட்ட வட்ட வரைபடத்தில் மூன்று நிறங்கள். காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்களுக்கு நீலம், மற்றவர்களுக்குக் கறுப்பு. நீலம்தான் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் ஒரு வசைச்சொல் கிடையாது. 'கசாண்ட்ரா'வில் இருந்த அதே கோபம்தான், எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டது. எண்ணியதால்தான் அதற்குச் சரியான இலக்கு கிடைத்தது. கணக்கில்லாத கோபம் பக்கத்தில் நிற்பவரைத்தான் அடிக்கும்.

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஆறு வாரம் எழுதினேன். எந்த இரவில் எத்தனை பேர் பணியில், திருப்பிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திருப்பினோம், எது தவறியது, ஏன். யார் என்று எழுதவில்லை, ஏன் என்று மட்டும். ஒருவரைத் திருப்ப இருவர் வேண்டும், பல இரவுகளில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. நோயாளியை உராயாமல் நகர்த்தும் வழுக்குத் துணிகள் சலவைக்குப் போனால் திங்கள்வரை திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் சோம்பல் என்று நான் கத்தியது, ஒரு சலவைக் கணக்கும் ஒரு பணிப்பட்டியலும்.

இதைத்தான் மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்திலும் பார்க்கிறேன். கை சூம்பிய ஒருவரை முன்னே நிறுத்தி, ஓய்வுநாளில் நன்மை செய்வது முறையா, தீமை செய்வது முறையா என்று இயேசு கேட்கிறார். அதிகாரம் உள்ளவர்கள் வாய் திறக்கவில்லை. அவர் அவர்களைக் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார், அவர்களுடைய மனக்கடினத்துக்காக வருந்தவும் செய்கிறார். பிறகு அந்த மனிதரிடம் கையை நீட்டச் சொல்கிறார். கை குணமாகிறது. பார்வை போனது பலம் உள்ளவர்கள் மேல். அடுத்து நடந்தது வைத்தியம்.

இங்கே கடையும் உணவகமும் நடத்துகிற நண்பர்கள் இருக்கிறீர்கள். வங்கி கடன் தரவில்லை, சரக்கு பிந்தி வந்தது, வாடிக்கையாளர் மட்டமாக எழுதிவிட்டார். அந்தக் கோபம் கல்லாவில் நிற்கும் மாணவன் மேலோ, வீட்டில் மனைவி மேலோ விழுவதற்கு முன், ஒரு தாளில் தேதி போட்டு எழுதிப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் வேறொரு காரணம் தெரியலாம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

என் நோட்டை மேலாளரிடம் கொண்டுபோனேன். துணிகள் கூடுதலாக வந்தன. ஆள், எல்லா இரவுக்கும் கிடைக்கவில்லை, வாரத்தில் சில இரவுகளுக்குக் கிடைத்தது. மிச்சத்துக்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்த அம்மாவின் புண் ஆற வெகுநாள் ஆனது.

கானாப் பெண்ணிடம், நான் கத்திய அதே நடைபாதையில், மற்றவர்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த நோட்டில் என் பெயர் இருக்கிறதா, சிஸ்டர்?" பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முந்தின இரவின் கணக்கை அவளே எழுதினாள்.