அவளிடம் கேட்டீர்களா?

(திருச்செங்கோட்டில் முஸ்லிம் இளைஞர்கள், வியாபாரிகள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட விஷயம் கருத்தடை. இதென்ன மேடையில் பேசுகிற பேச்சா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். ஸஹாபாக்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டுத் தெளிந்த விஷயம் இது. அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

முதலில் வெளியார் கிளப்பும் பொய்யை முடித்துவிடுவோம். முஸ்லிம்கள் பெற்றுக் குவித்து நாட்டைப் பிடிக்கப் பார்க்கிறார்களாம். 1992-93ல் அரசு எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21 ஆய்வில் அது 2.4க்கு இறங்கிவிட்டது. பீகாரின் இந்துப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்ணைவிடக் குழந்தைகள் அதிகம். ஆக, எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கலிமா அல்ல. பெண்ணின் படிப்பு, அவளுக்கு நிக்காஹ் ஆகும் வயது, எட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரி, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, இவைதான். கடையில் யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அது ஊருக்குச் சொல்லும் பதில். இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

அதே 2019-21 ஆய்வு சொல்கிறது: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? நாடு முழுவதும் சேர்த்தாலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்காத சின்ன சிகிச்சை. பெண்ணுக்குச் செய்வது அதைவிடப் பெரியது. ஆனால் கத்தி அவளுக்குத்தான். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், ஆணுக்கு அதில் கவலை எதற்கு என்று நூற்றில் 35 ஆண்கள் அந்த ஆய்வில் கூசாமல் சொல்லியிருக்கிறார்கள்.

இது எப்படி வந்தது? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன்; பெரும்பாலும் ஆண்களுக்கு. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து நம் மேவாத்திச் சகோதரர்களைப் பிடித்துச் சென்றது. 1977 தேர்தலில் மக்கள் பாடம் புகட்டினார்கள். அதன்பின் அரசு ஆண்களை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பியது. 2014ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அவசர அவசரமாகச் செய்தார்கள். பத்துக்கு மேற்பட்ட ஏழைத் தாய்மார்கள் மவுத்தானார்கள். 2016ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

அரசை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. ஆண் பிள்ளை வரும்வரை நிறுத்தாதே என்று மாமியார் சொல்வார். ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாடு போகும் கணவன், நான் ஊரில் இல்லாதபோது உனக்கு மாத்திரை எதற்கு என்று சந்தேகப்படுவான். அவள் பயந்து நிறுத்துவாள். அவன் வந்து போனபின் சுமப்பாள். கடைசியில் பிரசவ வலியில் கிடப்பவளிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். யோசித்து முடிவெடுக்கிற நேரமா அது?

இந்த வாக்குவாதம் நம் பகுதிக்குப் புதிதல்ல. 1925ல் ராஜாஜி இங்கே பக்கத்தில் ஆசிரமம் தொடங்கினார். அவருடைய தலைவர் காந்தி, கருத்தடைச் சாதனமே கூடாது, புலனடக்கம் போதும் என்றார். பெண்ணின் உடலுக்காக, விடுதலைக்காகக் கருத்தடை வேண்டும் என்றார் ஈரோட்டுப் பெரியார். அவருடைய நாத்திகம் நமக்கு ஆகாது. ஆனால் சுமப்பவள் யார் என்பதை அவர் மறக்கவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? குர்ஆன் இறங்கிய காலத்திலேயே அஜ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. வெறுத்துச் சொன்ன அறிவிப்பும் உண்டு. அதனால் சில இமாம்கள் விரும்பவில்லை. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் மனைவியின் சம்மதம் நிபந்தனை. மாலிகி, ஹன்பலி அறிஞர்களும் அப்படியே சொன்னார்கள். பிள்ளையில் அவளுக்கும் ஹக் இருக்கிறது என்பதே காரணம். வறுமைக்குப் பயந்து பிள்ளையைக் கொல்லாதீர்கள் என்ற ஆயத்தை இதற்கெதிராகக் காட்டுவோர், பிறந்த உயிரைக் கொல்வதும் கரு உருவாகாமல் தடுப்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். காரணமின்றி நிரந்தரமாக அடைப்பதை உலமாக்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. இடைவெளி விடுவது வேறு. பால்குடிக்கு இரண்டு வருடம் சொன்ன அதே வசனம், பால் மறக்கடிப்பதைக்கூடக் கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்கிறது.

வழியும் இருக்கிறது. காப்பர்-டி இருக்கிறது. மூன்று மாதத்துக்கொரு அந்தரா ஊசி, சாயா மாத்திரை 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். ஆணுறை உங்கள் கையில். எது அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை டாக்டரிடம் கேட்க வேண்டும். நீங்களும் கூடப் போக வேண்டும்.

பிரசவ வார்டு வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள். எட்டாம் மாதத்திலேயே உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் தாயார் எதிரில் அவள் வாய் திறக்கமாட்டாள், தனியாகக் கேளுங்கள்.