இதைச் சாப்பிடு, குழந்தை உண்டாகாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் கருத்தடை பற்றிப் பேச வந்துட்டானேன்னு பின் வரிசையில் என் செட் பசங்க சிரிக்கிறது இங்கே கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் தையல் ஹாலில் இன்று தமிழைவிட இந்தியும் ஒடியாவும்தான் அதிகம் காதில் விழுகிறது.

செக்கிங் பிரிவில் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு குழந்தை, ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. கணவருக்குக் கோவைப் பக்கம் கட்டட வேலை. சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். அடுத்த குழந்தைக்கு மூணு வருஷம் போகட்டும் என்று நினைத்தாள். கம்பெனிக்கு வந்துபோகும் நர்ஸம்மா, அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையைக் கொடுத்தார்.

அந்த அம்மா பொறுப்பானவங்க. அட்டையில் 28 மாத்திரை; 21-ல் ஹார்மோன், கடைசி 7 இரும்புச்சத்து. தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. ரெண்டு மூணு நாள் விட்டுப்போனால் ஒரு வாரத்துக்கு ஆணுறை. ரத்தக்கொதிப்பு இருந்தாலோ, ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ இது ஒத்துவராது. எல்லாவற்றையும் தமிழில் விளக்கினார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் இந்தியில் மாற்றிச் சொன்னார். ஆம்பளை, அவருக்கு வெட்கம். பத்து வாக்கியம் உள்ளே போச்சு, ஒன்றுதான் வெளியே வந்தது: "இதைச் சாப்பிடு, குழந்தை உண்டாகாது."

அவள் சாப்பிட்டாள். சனி, ஞாயிறு மட்டும். கணவர் வருகிற நாளில்தானே தேவை? கிடைத்த தகவலுக்கு அது சரியான கணக்குத்தான். நாலாவது மாதம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

நர்ஸம்மா என்னிடம் வந்து புலம்பினார். "தம்பி, ஸ்பீக்கர் கீக்கர் வெச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா?" அப்படித்தான் நான் இதில் நுழைந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, இந்தியே அவளுடைய மொழி இல்லை. வீட்டில் கூயி, பள்ளிக்கூடத்தில் ஒடியா. இந்தி, ரயிலிலும் ஹாலிலும் பொறுக்கிக்கொண்டது. கூயி நம் தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்து மொழியாம்! அந்தச் சொந்தம் நர்ஸம்மாவுக்கு உதவவில்லை.

துண்டுப் பிரசுரம் அடிக்கலாம் என்றார்கள். படிக்கத் தெரிய வேண்டுமே. படம் போடலாம் என்றார்கள். சிவப்பு முக்கோணம் 1960-களில் வந்தது, எழுத்தறியாதவருக்கும் புரியும் சின்னம். எங்கே கிடைக்கும் என்று அது சொல்லும். மறந்துபோனால் என்ன செய்வது என்று எந்த முக்கோணமும் சொல்லாது. ஆகவே குரல்தான். பெண் குரல். ஒரு முறைக்கு ஒன்றரை நிமிஷம். ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளியிலும், ஹாலில் வேலை செய்யும் அக்காக்களே பேசிப் பதிவு செய்தார்கள்.

அதோடு விடவில்லை. பதிவைக் கேட்ட இன்னொரு பெண், தமிழ் மூலத்தைப் பார்க்காமல், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் குட்டு உடைந்தது. அவசர கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கரு உண்டாவதைத் தடுக்கும், உண்டான கருவைக் கலைக்காது. திரும்பி வந்த வாக்கியத்தில் அது கலைக்கிற மாத்திரை ஆகியிருந்தது! "குடும்பக் கட்டுப்பாடு" என்ற சொல்லும் தொல்லை. நம் ஊரில் அப்படிச் சொன்னால் ஆபரேஷன் என்றுதான் அர்த்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். வேறு வழிகளைப் பேசி நமக்கே பழக்கமில்லை. காப்பர்-டி, மூணு மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை எல்லாம் அரசுத் திட்டத்திலேயே உண்டு.

விமானி, கீழேயிருந்து வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் நகர மாட்டார். நர்ஸம்மாவும் இப்போது "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "சனிக்கிழமை மறந்துட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்கிறார். பதிவைப் பெண்களின் போனுக்கு அனுப்புவதும் இல்லை. ஒரே போனை வீடே பார்க்கும். கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு. முதலுதவி அறையில், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்கள்.

ஆபரேஷன் விஷயத்தில் சட்டமே பேசியிருக்கிறது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம், விளைவுகளை அவரவருக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும், மனம் மாற இடம் கொடுத்து ஒரு மணி நேரம் போல அவகாசம் தர வேண்டும் என்றது. ஒரு மாத்திரை அட்டைக்குப் பத்து நிமிஷமாவது கொடுக்கலாமே.

இந்த அரங்கில் யூனிட் நடத்தும் அண்ணன்மார்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு அறை, ஒரு பழைய போன், மொழி தெரிந்த ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்துக்கான கூலி. கேட்பது அவ்வளவுதான். மொழிபெயர்க்க சூப்பர்வைசரைக் கூப்பிடாதீங்க. அசாமிய மொழியில் பதிவு செய்ய எங்களுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள், வீட்டில் அந்த மொழி பேசுகிறவர்கள் இருந்தால் சாப்பாட்டுக்குப் போகும் முன் என்னைப் பாருங்கள்.