சண்டையில் கிடக்கும் காசு

போன வாரம் நம் புதுக்கோட்டைப் பேருந்து நிலைய வாசலில் ஒரு சண்டை. ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்கிறார். என் பேத்தி அறுபதில் நிற்கிறாள். அவளிடம் பர்ஸ் கிடையாது, பணமெல்லாம் போனுக்குள்தான். பேரம் முற்றி, கோபம் வந்து, கடைசியில் சொன்னாள்: "அறுபதுக்கு மேல ஒரு தம்பிடி தரமாட்டேண்ணே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பிடியை இவள் கண்டாளா, இவளைப் பெற்றவள் கண்டாளா? வீட்டுக்கு வந்ததும், "தம்பிடின்னா என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் தாத்தா" என்றாள்.

பாருங்கள், அது ஒரு காலத்தில் ஒன்றுமில்லாதது அல்ல. 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக, ரூபாயை 192 கூறு போட்டால் ஒரு கூறு தம்பிடி. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு 100 நயாபைசா என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. முட்டாள்கள் தினத்தில் அரசாங்கம் விளையாடுகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். பழைய காசும் புதுக்காசும் ஒரே கல்லாவில் கிடந்தன. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயாபைசா. அந்தக் காலை எப்படிக் கொடுப்பது? 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19, 4 அணாவுக்கு 25 என்று கணக்கை நேராக்கினார்கள். 2 அணாவுக்கு வெற்றிலை வாங்க வந்த கிழவி 12 பைசாவோடு நின்றால் அப்பா விடமாட்டார். "மிச்ச அரைப்பைசாவை நானா முழுங்குறது?" என்பார். அவள், "காலணாவுக்குப் பெறாத வெத்தலைக்கு இவ்வளவு பேச்சா?" என்று போட்டுவிட்டுப் போவாள்.

காலணா நினைவிருக்கிறதா, பெரியவர்களே? போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்து, 1943-இல் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். எங்கள் வீட்டில் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துத் தம்பி இடுப்பில் கட்டியிருந்தார்கள். அவன் ஓடும்போது அது தொடையில் அடித்துக்கொள்ளும்.

இத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பழஞ்சொல்லெல்லாம் செத்துப்போவதில்லை; நடுத்தரத்துச் சொல்தான் முதலில் சாகிறது. வீசை போயிற்று, பலம் போயிற்று, சேர் போயிற்று. நல்ல பிள்ளைகளாக உழைத்த சொற்கள், பாவம், சட்டம் மாறியதும் ஓய்வு பெற்றுவிட்டன. ஆனால் மிகச் சிறியவை இருக்கின்றன. சல்லிக்காசு, காலணா, தம்பிடி, குண்டுமணித் தங்கம். இம்மியைப் பாருங்கள். பழைய கணக்கு வாய்பாட்டில் அது 21,50,400-இல் ஒரு பங்கு. எந்த வியாபாரி இம்மியில் விற்றான்? ஆனால் "இம்மியளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று நேற்றுக்கூட ஒரு தலைவர் முழங்கினார். இல்லை என்று சொல்லவும் திட்டவும் நமக்குச் சின்ன அளவு வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் காசுகளை நான் நூலகத்தில் தேடுவதில்லை. தெருச்சண்டையில் காதைக் கொடுக்கிறேன்.

விதிவிலக்கு உண்டு. 25 பைசாவை யார் 25 பைசா என்றார்கள்? 1957-இல் பிறந்த நாணயத்தை, அதற்கு முந்தைய பெயரால் நாலணா என்றே கூப்பிட்டோம். 2011 ஜூன் 30-க்குப் பிறகு அது செல்லாது என்று ஆகும்வரை, 54 வருஷம், அது இன்னொருத்தன் பெயரிலேயே வாழ்ந்து முடிந்தது. நகைக்கடையிலும் இதே கதைதான். பில்லில் கிராம், கடைப்பெண் வாயில் பவுன். பவுன் என்பது வெள்ளைக்காரன் தங்கக்காசு. காசு கண்ணில் இல்லை, கல்யாணப் பேச்சில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

துட்டு டச்சுக்காரன் செப்புக்காசிலிருந்து வந்தது. 'கேஷ்' நம் காசிலிருந்து போனது என்று சொன்னால் இங்கே கைதட்டல் விழும், எனக்குத் தெரியும். ஆனால் பாதிதான் உண்மை. கீழ்த்திசை நாடுகளின் சில்லறைக் காசை ஐரோப்பியர் அப்படி அழைத்தது நம் சொல்லால். வங்கியில் கேட்கிறோமே, அந்த கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி. கைதட்டலை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இருந்துகொண்டு திருகோகர்ணத்தை விடலாமா? புதுக்கோட்டைச் சமஸ்தானம் அங்கிருக்கும் பிரகதாம்பாள் அம்மன் உருவம் பொறித்துக் காசு அடித்தது. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, காசும் போயிற்று. பிரகதாம்பாள் மட்டும் இன்னும் அரைக்காசு அம்மன்தான். தொலைந்த பொருள் கிடைக்க அவளிடம் வெல்லம் வைத்து வேண்டிக்கொள்கிறோம். என் வீட்டுச் சாவி இருமுறை கிடைத்திருக்கிறது. அரைக்காசுதான் திரும்பவில்லை!

கடைசியாகப் படி. 1956-இல் எடையளவுச் சட்டம் வந்து, பிறகு படியை லிட்டர் தள்ளிவிட்டது. ஆனால் அதைத் தள்ளிய அதே அரசாங்கம் தன் ஊழியருக்கு இன்றும் என்ன தருகிறது? பஞ்சப்படி! பயணப்படி! கம்ப்யூட்டரில் அடித்த சம்பளச் சீட்டுக்குள், கூலியைத் தானியமாக அளந்து கொடுத்த காலம் ஒளிந்திருக்கிறது. நானும் 31 வருஷம் ஆசிரியனாக அந்தப் படியை வாங்கியவன்தான். ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன தை மாதம் என் பேரனுக்குக் கல்யாணம். புதுப்பெண் வாசல்படி ஏற நிறைபடி நெல் வேண்டும். நெல் இருக்கிறது, படி இல்லை. அடுக்குமாடியில் நான்கு மாடியும் ஏறி இறங்கினோம். மூன்றாம் மாடியில் ஒரு வீட்டு மேசையில் இருந்தது, பித்தளைப் பூண் போட்ட பழைய மரப்படி. உள்ளே ஏழெட்டுப் பேனா, ஒரு கத்தரிக்கோல், தீர்ந்துபோன இரண்டு பேட்டரி. கொட்டிவிட்டு வாங்கி வந்தோம். சாயங்காலம் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "இதுக்குப் பேரு படியா மாமா? நாங்க உழக்குன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தோம்!"