புற்றுநோய்ச் சிகிச்சையும் உணவு நெறியும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த நலவாழ்வுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் நிறைவில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்திற்கு நான்கு அங்கங்களை வகுத்துள்ளார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நான்காம் அங்கமாக விளங்குவோர் பெரும்பாலும் இல்லத்தாரே. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு அவர்கள் ஆற்றக்கூடிய பெரும்பணி உணவைப் பேணுதலாகும்.

கீமோதெரப்பி மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் அத்தகையனவே. ஆதலால் வாய்ப்புண், குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றுகின்றன. இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குன்றுகிறது.

உணவைக் குறைத்தால் கட்டி சுருங்கும் என்று சிலர் நம்புகின்றனர். அது தவறு. உணவு குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கிக் கொள்ளும். எடை மிகக் குறைந்தவருக்கு மருந்தின் அளவைக் குறைக்கவோ சிகிச்சையைத் தள்ளிவைக்கவோ நேரலாம். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் 3 கிலோ இழந்தால், உடனே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது மருத்துவ நெறி. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 முதல் 75 கிராம் ஆகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உள்ளது. சைவ உணவினருக்குப் பருப்பு, பால், சோயா, தெம்பே ஆகியன துணைபுரியும். சிறுநீரக நோயுள்ளவர்க்கு மட்டும் அளவு வேறுபடும். அறுவைச் சிகிச்சைக்குப்பின் விரால் மீன் சாறு கொடுப்பது இந்நாட்டு வழக்கம். சாற்றை மட்டும் அருந்தி மீனை ஒதுக்குதல் பயனற்றது. புரதம் பெரிதும் சதையிலேயே உள்ளது.

வாய்ப்புண் உள்ளோர் காரத்தையும் புளியையும் தவிர்த்து, ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்புச் சோறு ஆகியவற்றை உண்ணலாம். குமட்டல் உள்ளோர் மூன்று வேளை உணவை ஆறாகப் பிரித்துச் சிறுகச் சிறுக உண்பது நலம். உலோகச் சுவை தோன்றினால் எவர்சில்வர் கரண்டிக்கு மாற்றாக மரக்கரண்டி உதவும்.

இனி, விரதமும் பிரசாதமும். கந்தசஷ்டிக்கும் தைப்பூசத்திற்கும் நோன்பு நோற்க நோயாளர் விழைவது இயல்பே. எனினும் மருத்துவரின் இசைவின்றி உணவைக் குறைத்தல் ஆகாது. அவர்பொருட்டு இல்லத்தார் ஒருவர் நோன்பை ஏற்கலாம். வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில் அபிஷேகப் பாலும், பலர் கைபட்ட பஞ்சாமிர்தமும், நறுக்கி வைத்த கனிகளும் உண்ணத்தக்கன அல்ல. அவற்றைக் கண்ணில் ஒற்றித் திருநீறு அணிந்துகொண்டாலே போதும். பக்தியில் அதனால் யாதொரு குறையும் இல்லை.

சமைத்த சோறு பல மணி நேரம் வெளியில் இருந்தால், அதில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே அன்னதானத்தின்போது, அடுப்பிலிருந்து இறக்கியவுடன் முதல் பந்தியிலேயே நோயாளருக்குச் சூடாகப் பரிமாற நிர்வாகத்தினர் ஏற்பாடு செய்தல் சிறந்த தொண்டாகும்.

மூலிகைச் சாறுகளும் சத்து மாத்திரைகளும் சில புற்றுநோய் மருந்துகளின் செயலை மாற்றவல்லவை. அன்போடு பிறர் தருவதாயினும், மருத்துவரிடம் காட்டிய பின்னரே அவற்றை உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உணவியல் நிபுணர்கள் உள்ளனர். அவர்தம் ஆலோசனையைக் கேட்டுப் பெறுதல் நன்று.

நோயுற்றவரை ‘உண்’ என்று வற்புறுத்துவதினும், அவர் பசிக்கும் பொழுதறிந்து பரிவோடு பரிமாறுவதே பேணுதலாகும். இறையருளால் நோயுற்றோர் யாவரும் நலம் பெறுக!