எது இடம், எது வலம்? மீன் கரு சொல்லும் பாடம்

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்குலகப் பாடத்தில் இருபக்கச் சமச்சீர் என்று நடத்துகிறோம். மனித உருவம் வரைந்த தாளை நடுவில் மடித்து, இரண்டு பாதியும் பொருந்துவதைக் காட்டுகிறோம். பிறகு இதயத்தைப் பற்றிய பாடம் வருகிறது. அது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறோம். கல்லீரல் வலப்பக்கம், இரைப்பை இடப்பக்கம். ஆக, வெளியே இருக்கிற சமச்சீர் உள்ளே இல்லை. "உருண்டையான கருமுட்டைக்கு எது இடப்பக்கம் என்று யார் சொல்லிக் கொடுத்தது, டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தந்தவற்றுள் ஒன்று நம் நாட்டு மீன். வண்ணமீன் கடைகளில் நீலக் கோடுகளோடு நீந்தும் ஜீப்ரா மீன்தான் அது. கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி 1822-ல் நூல் எழுதிய ஹாமில்டன் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். டெல்லியில் உள்ள மரபணுத்தொகுதியியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம் 2009-ல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்தறிந்தது. இந்த மீனின் கரு தாயின் உடலுக்கு வெளியே, கடுகளவு முட்டைக்குள் வளர்கிறது. கண்ணாடி போல உள்ளே தெரியும். ஒரே நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும்.

முட்டை கருவுற்று ஏறத்தாழ 12 மணி நேரத்தில், கருவின் வால்பகுதியில் நீர் நிரம்பிய ஒரு சிறு பை தோன்றுகிறது. குப்ஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1868-லேயே இதைக் கண்டு எழுதினார். அதன் பெயரும் குப்ஃபர் பைதான். அது எதற்கு என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் புரியவில்லை. 2005-ல்தான் விடை தெளிவானது.

பையின் உட்சுவரில் குறு இழைகள் இருக்கின்றன. பாரமீசியம் பாடத்தில் நாம் படம் வரைகிற அதே குறு இழைகள். அவை ஒரே திசையில் சுழன்று, உள்ளே இருக்கும் நீரையும் சுழற்றுகின்றன. முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் நீர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பையின் முன்பகுதியில் இழைகள் நெருக்கமாக இருப்பதால் அங்கே இடப்பக்கம் நோக்கிய ஓட்டம் வலுவாக இருக்கிறது. அந்த ஓட்டத்தை இடப்பக்கச் செல்கள் உணர்கின்றன. உடனே அந்தப் பக்கத்தில் மட்டும் 'சவுத்பா' என்ற மரபணு வேலை செய்யத் தொடங்குகிறது. இடக்கைக்காரர் என்பது அந்தப் பெயரின் பொருள். அது காட்டிய பக்கம் இதயக் குழல் நகர்கிறது. குடலும் கல்லீரலும் கணையமும் தத்தம் பக்கம் போய்ச் சேர்கின்றன.

குறு இழைகள் ஏன் ஒரே பக்கமாகச் சுழல்கின்றன? நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. சங்குசக்கரத்தைப் பாருங்கள். அது சுழல்வதற்கு உள்ளே இருக்கும் மருந்து காரணம். எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதற்குக் குழலைச் சுற்றிய விதம் காரணம். மாற்றிச் சுற்றினால் அதே மருந்தில் அதே சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழலும். குறு இழையும் அப்படித்தான். அதைக் கட்டியிருக்கும் புரதங்களின் அமைப்பிலேயே ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது.

இதிலிருந்து மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்று உண்டு. சமச்சீர் குலைவது ஒரு வேலை. எந்தப் பக்கம் என்று முடிவாவது வேறொரு வேலை. குறு இழைகள் அசையாத மீன் கருக்களில் இதயம் சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்கிறது. சிலவற்றில் நடுவிலேயே நின்றுவிடுகிறது. வளைவது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. பக்கம் மட்டும் பூவா தலையா ஆகிவிடுகிறது.

கரு நிலையைத் தாண்டி, குஞ்சாக இருக்கும் பருவத்திலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். கடலோரச் சந்தைகளில் விற்கும் நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருந்தபோது பக்கத்துக்கு ஒரு கண் இருந்தது. வளரும்போது ஒரு கண் மறுபக்கம் நகர்ந்துவிட்டது. அதற்கு உறவான எருமை நாக்கு மீனில் சிலவற்றுக்குக் கண்கள் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஏறத்தாழ பாதிக்குப் பாதி. 1801-ல் வெளியான நூலில் இம்மீனுக்கு 'எருமெய்' என்று நம் தமிழ்ச் சொல்லையே அறிவியல் பெயரில் சேர்த்தார்கள்.

மனிதருக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருக்கும். அவர்களில் பலர் நலமாகவே வாழ்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் தீராத சளியும் இருமலும் சேர்ந்து வரும். கார்டாஜனர் என்ற மருத்துவர் 1933-ல் இதை விவரித்தார். இவர்களின் குறு இழைகள் சரியாக அசைவதில்லை என்று 1976-ல் அஃப்ஸெலியஸ் காட்டினார். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுவதும் குறு இழைகள்தானே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். மகளுக்குப் படம் எடுத்துப் பார்த்ததில் இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "கிரகணத்தன்னைக்கு நான் வெளியே போனதாலதான் இப்படின்னு மாமியார் சொல்றாங்க. நெசமா டீச்சர்?" என்று கேட்டார். நான் இந்த மீன் கதையைத்தான் சொன்னேன். மனிதக் கருவில் இந்தப் பக்கம் முடிவாவது மூன்றாவது வாரத்தில். உண்டாகியிருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாத காலம் அது. காரணமான மரபணு மாற்றம் பெற்றோர் இருவரிடமும் வெளித்தெரியாமல் இருந்து பிள்ளைக்கு வரலாம். கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எங்க வீட்டுல வந்து சொல்றீங்களா டீச்சர்?" என்றார். அன்று மாலையே போய்ச் சொன்னேன்.

நண்பர்களே, மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, தொடக்க வகுப்புகளில் சோத்துக்கை, பீச்சாங்கை சொல்லிக்கொடுக்கும்போது காகிதக் காற்றாடி செய்யச் சொல்லுங்கள். மடிப்பை மாற்றினால் அது எதிர்ப்பக்கம் சுழலும். அமைப்பு திசையைத் தீர்மானிக்கும் என்பதைப் பிள்ளைகள் கையாலேயே அறிவார்கள்.

இரண்டு, நம் பகுதியில் ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் இருமினால் "மருந்துத் தூசி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தூசியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பிள்ளையைத் தவறாமல் காட்டுங்கள்.

மூன்று, உறுப்பு இடம் மாறிய பிள்ளை யாராவது இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லும் பழக்கத்தை அந்தக் குடும்பத்துக்கு ஏற்படுத்துங்கள். அவர்களுக்குக் குடல்வால் அழற்சி வந்தால் வலி இடப்பக்கம் தெரியக்கூடும். நேரத்தில் சொல்லும் ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.